பேர் போடாத கார்டுகள்

தில்லைநாயகம் மடத்துக்கு வந்தபோது இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தார். ஒன்று கனமான தகரப் பெட்டி. இன்னொன்று செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி, சணல் கயிறு போட்டுக் கட்டியது.

மடம் அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், வாய்க்காலை ஒட்டி இருந்தது. மடம் என்று பேர்தானே தவிர, ஓட்டு வீடு ஒன்றும் மாட்டுத் தொழுவம் ஒன்றும்தான். எப்போதும் ஏழெட்டுப் பேர் தங்கியிருப்பார்கள். அதை நடத்தி வந்தவர் உலகம்மை. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். மடத்தில் முன்பிருந்த சாமியார் நோயில் விழுந்தபோது பார்த்துக்கொள்ள வந்தார். சாமியார் போன பிறகும் அங்கேயே இருந்துவிட்டார். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. வருகிறவர்கள் பெரும்பாலும் அவரைவிட மூத்தவர்கள். அவர்களை அண்ணாச்சி என்றும் அக்கா என்றும் கூப்பிடுவார். அவர்கள் அவரை அம்மா என்பார்கள்.

தில்லைநாயகத்துக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. மனைவி சங்கரவடிவு இறந்து ஒரு வருஷம் முடியவில்லை.

வந்த அன்றே தகரப் பெட்டியை உலகம்மையின் முன்னால் வைத்து, இதை எரித்துவிட ஏற்பாடு செய்யவேண்டும், வீட்டில் வைத்து எரிக்கக் கை வரவில்லை என்று சொன்னார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று உலகம்மை கேட்டார்.

தபால்தலைகள் என்றார் தில்லைநாயகம்.

உலகம்மை பெட்டியைத் திறக்கச் சொன்னார். தடித்தடியாக ஆல்பங்கள். நாடு வாரியாக, வருஷ வாரியாக ஒட்டி, ஒவ்வொரு பக்கத்துக்கும் மெல்லிய தாள் போட்டு மூடியிருந்தது. மடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மீன், ராக்கெட், ராணி, ரயில், பூ, பெயர் தெரியாத தலைவர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் உலகம்மை நிதானமாகப் பார்த்தார். சாயங்காலம் மாடு கறக்கும் நேரம் வரை அப்படியே போயிற்று.

கடைசியில் அவர் கேட்டார். "இது ஒவ்வொண்ணையும் யாரோ ஒருத்தர் நாக்கால நனைச்சு ஒட்டியிருக்காங்க, இல்லையா அண்ணாச்சி?"

தில்லைநாயகம் விழித்தார். தபால்தலையின் ஓரத்துப் பல் ஏதாவது போயிருக்கிறதா, முத்திரை மை அதிகமாக விழுந்திருக்கிறதா என்றுதான் அவர் இத்தனை காலமும் பார்த்திருந்தார். ஒட்டிய நாக்கைப் பற்றி நினைத்ததே இல்லை.

"எரிக்க வேண்டாம். பரண்ல இருக்கட்டும்" என்றார் உலகம்மை. பிறகு அந்த அட்டைப்பெட்டியைக் காட்டி, அது என்ன என்று கேட்டார்.

அதற்குப் பதில் சொல்ல தில்லைநாயகத்துக்கு வெகு நேரம் பிடித்தது.

ஏஜென்சிக்கு வரும் வெளிநாட்டு உறைகளிலிருந்துதான் அவருடைய சேகரிப்பு தொடங்கியது. அது போதாமல் ஒரு வட்டத்தில் சேர்ந்தார். உலகம் முழுக்க ஆட்கள் இருந்த வட்டம் அது. வட்டத்தை நடத்துகிறவர்கள் ஒரு முகவரி அனுப்புவார்கள். முன்பின் தெரியாத அந்த ஆளுக்கு நாம் ஒரு படக் கார்டு எழுதிப் போடவேண்டும். அந்த ஆள் நமக்குப் பதில் எழுதமாட்டார். வேறு ஏதோ நாட்டிலிருந்து வேறு யாரோ நமக்கு எழுதுவார்கள். யாருக்குக் கொடுத்தோமோ அவரிடமிருந்து வராது. யாரிடமிருந்து வந்ததோ அவருக்குத் திருப்பிக் கொடுப்பதும் இல்லை. அதுதான் அதன் முறை.

கார்டு வந்ததும் தில்லைநாயகம் தபால்தலை இருக்கும் மூலையைக் கத்தரித்து ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிடுவார். பசை இளகித் தலை தனியாகப் பிரிந்துவரும். மிச்சக் கார்டை சங்கரவடிவு எடுத்துக்கொள்வார். பத்தாம் வகுப்புப் படித்தவர். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசிப்பார். அந்தக் கார்டுகளில் இருந்தவர்களை எல்லாம் சங்கரவடிவுக்குத்தான் தெரியும். நாய் செத்துப்போனவர், மகள் பேசாமல் இருக்கிறவர், புதுசாகச் சைக்கிள் பழகுகிறவர். சாப்பிடும்போது அவர்களைப் பற்றிச் சொல்வார். தில்லைநாயகம் ம் கொட்டுவார்.

பிறகு சங்கரவடிவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிற்று. மருத்துவமனை, வீடு, மறுபடியும் மருத்துவமனை. அந்த நாட்களிலும் தில்லைநாயகம் கார்டுகள் எழுதினார். என்ன எழுதுவது என்று தோன்றாமல், என் மனைவி சங்கரவடிவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரே வரியை, கீழே வீட்டு முகவரியோடு, எல்லாருக்கும் எழுதினார்.

அப்படி எழுதியதில் யாரோ ஒருவர் முறையை மீறினார். சங்கரவடிவின் பேருக்கே கார்டு வந்தது. ஃபின்லாந்துத் தபால்தலை. ஒரு பறவைப் படம். கீழே பேர் இல்லை, முகவரி இல்லை. அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. அதன் பிறகு தபால்காரர் வராத வாரமே இல்லை.

சங்கரவடிவுக்குக் கண் மங்கிய பிறகு தில்லைநாயகம்தான் வாசித்துக் காட்டினார். அப்படி வாசித்தபோதுதான் அவரும் முதல்முதலாக ஒரு கார்டை முழுசாக வாசித்தார். ஆனால் கை பழகிப்போயிருந்தது. மூலையை வெட்டி எடுத்த பிறகுதான் வாசிக்க உட்காருவார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் சணல் கயிற்றை அவிழ்த்தார். உள்ளே அடுக்கடுக்காகப் பறவைக் கார்டுகள். எல்லாவற்றிலும் ஒரே பக்கத்து மூலை இல்லை. மூலை போன இடத்தில் சிலவற்றில் வானம் போயிருந்தது. ஒரு நாரைக்குத் தலை போயிருந்தது.

உலகம்மை வாசிக்கச் சொன்னார். தில்லைநாயகம் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார்.

'எங்கள் ஏரி உறைந்து கிடக்கிறது. தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன்.'

'இன்று ஒரு வாத்து பனிக்கட்டிமேல் வழுக்கி விழுந்தது. எழுந்து, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தது. நான் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.'

'கரையோரம் கொஞ்சம் கறுப்பாகத் தெரிகிறது. தண்ணீராக இருக்கலாம். நாளை சொல்கிறேன்.'

'பனி உடைந்து ஏரி திறந்துவிட்டது. சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். செருப்புப் போட மறந்துவிட்டேன்.'

ஏரி திறந்த அந்தக் கார்டு வந்தபோது சங்கரவடிவு கஞ்சிகூட இறங்காமல் படுத்திருந்தார். ஆனாலும் தினமும் ஏரி என்ன ஆயிற்று என்று கேட்பார். தில்லைநாயகம் அந்தக் கார்டை வாசித்ததும் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். "அப்போ சரி" என்றார். அந்த வாரமே இறந்துபோனார்.

அதன் பிறகு ஒரு கார்டு வந்தது. தில்லைநாயகம் அதை வாசிக்கவில்லை. இன்றுவரை வாசிக்கவில்லை. அதோடு நின்றுபோயிற்று.

யார் அவர் என்று கண்டுபிடிக்க தில்லைநாயகம் செய்யாதது இல்லை. வட்டத்தை நடத்தியவர்களுக்கு எழுதினார். அதை மூடிவிட்டார்கள் என்று தெரிந்தது. தான் எழுதியவர்களின் முகவரிகளை அவர் வைத்திருக்கவில்லை. தபால் முத்திரையில் ஊர்ப் பேர் இருந்திருக்கும். தலையை ஒட்ட வெட்டியதில் அதுவும் போய்விட்டது. கடைசியில் 'ஏரிக்கரையில் குடியிருப்பவர், ஃபின்லாந்து' என்று எழுதிப் போட்டார். அந்த நாட்டில் எங்கே பார்த்தாலும் ஏரிதான் என்று பிறகுதான் தெரிந்துகொண்டார். கடிதம் திரும்பி வந்தது.

"அவ கடைசியாச் சிரிச்சது அவங்களாலதான்" என்றார் தில்லைநாயகம். "ஒரு வார்த்தை சொல்லாம இருக்க முடியலை அம்மா. நெஞ்சுல பாரமா நிக்குது. நான் யாருக்கு நன்றி சொல்றது?"

உலகம்மை அந்த வாத்துக் கார்டை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "கொஞ்ச நாள் இங்கே இருங்க அண்ணாச்சி" என்றார்.

தில்லைநாயகம் இருந்தார். மற்றவர்களைப் போலக் காலையில் கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தார். தொழுவம் கூட்டினார். மத்தியானத்தில் அவருக்கென்று ஒரு வேலையை உலகம்மை கொடுத்தார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் மாசானமுத்து என்று ஒருவர் படுத்த படுக்கையாக இருந்தார். லாரி டிரைவர். அஸ்ஸாம் வரை ஓட்டியவர். நாக்பூர் பக்கத்தில் வண்டி கவிழ்ந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போயிற்று. அக்கா முப்பிடாதி பீடி சுற்றி அவரைக் காப்பாற்றி வந்தார். சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு இலை வாங்கி வர முப்பிடாதி போகும் நேரத்தில் தில்லைநாயகம் போய்த் துணைக்கு இருக்கவேண்டும். முதுகில் புண் வராமல் தைலம் தேய்த்துப் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும்.

மாசானமுத்து பேசமாட்டார். வந்தீங்களா என்பார். போறீங்களா என்பார். மற்ற நேரமெல்லாம் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜன்னலைத் திறந்தால் மூடச் சொல்வார்.

மழைக்காலம் தொடங்கியபோது தில்லைநாயகம் உலகம்மையிடம் போனார். தான் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்று நினைவுபடுத்தினார்.

உலகம்மை உள்ளே போய் ஒரு கட்டுத் தபால் கார்டு எடுத்துவந்தார். படம் கிடையாது. அஞ்சலகத்தில் கிடைக்கும் மஞ்சள் கார்டுதான்.

"மாசானமுத்து அண்ணாச்சிக்கு எழுதுங்க. பேர் போட வேண்டாம்."

தினமும் நேரில் பார்க்கிற ஆளுக்கு எதற்குக் கார்டு என்று தில்லைநாயகம் கேட்டார்.

"எழுதுங்க" என்றார் உலகம்மை.

அன்று முழுக்க யோசித்து அவர் ஒரு கார்டு எழுதினார். துன்பம் நிலையானதல்ல, மனம் தளரவேண்டாம், உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று எழுதி, உலகம்மையிடம் காட்டினார்.

உலகம்மை வாசித்தார். "ஏரிக்கரைக்காரங்க இந்த மாதிரி ஒண்ணாவது எழுதினாங்களா?"

"இல்லை."

"என்ன எழுதினாங்க?"

"வாத்து வழுக்கி விழுந்ததை."

உலகம்மை கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எழுதுவதற்கு ஏதாவது வேண்டுமே என்பதற்காகவே தில்லைநாயகம் பார்க்கத் தொடங்கினார். இத்தனை வருஷம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த கண். வெளியே பார்க்க அதற்குப் பழக்கமில்லை. மூன்று நான்கு கார்டு வீணாயிற்று. பிறகு ஒரு நாள் எழுதினார்:

'இன்று வாய்க்காலில் இறங்கிய எருமை ஏற மறுத்துவிட்டது. சொந்தக்காரர் கரையில் நின்று கெஞ்சினார். அதட்டினார். கடைசியில் அவரும் இறங்கிக் குளித்துவிட்டுப் போனார். எருமை இன்னும் தண்ணீரில்தான் இருக்கிறது.'

சாமான் வாங்க அம்பாசமுத்திரம் போனபோது அங்கே பெட்டியில் போட்டார்.

கார்டு வந்த மத்தியானம் அவர் மாசானமுத்துவுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மாசானமுத்து வாசித்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். யாரோ வேலை இல்லாத ஆள் என்று சொல்லித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, அந்த எருமை கணபதித் தேவருடையதாகத்தான் இருக்கும், அந்த வீட்டு எருமைகளுக்கு எப்போதும் அப்படித்தான் கொழுப்பு என்றார்.

அதிலிருந்து வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு என்று கார்டு போயிற்று. கோயில் மணியில் கூடு கட்டிய குருவியால் பூசாரி மணி அடிக்காமல் தட்டில் கரண்டியால் தட்டுவது. வாழைத்தார் ஏற்றிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர் பாலத்து மேட்டில் நின்று மூச்சு வாங்கியது, எதிரே வந்த பெண்பிள்ளை ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் வந்து தள்ளிவிட்டுப் போனது. மாசானமுத்து ஒவ்வொன்றையும் வாசிப்பார். பிறகு தில்லைநாயகத்திடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்வார். தான் எழுதியதைத் தானே வாசித்துக்கொண்டு தில்லைநாயகம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

ஒரு கார்டில் அவர் மலைக்குப் போகிற பஸ்ஸைப் பற்றி எழுதினார். ஆலமரத்து வளைவில் பஸ் திரும்ப முடியாமல் நின்றது, டிரைவர் பின்னால் எடுத்து எடுத்துத் திருப்பினார், மூன்றாவது கியர் போட்டு ஒரே மூச்சில் ஏற்றிவிட்டார் என்று எழுதியிருந்தார்.

மாசானமுத்து அதை வாசித்ததும் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார்.

"மூணாவது கியரா? யாரு இந்த ஆளு? மூணாவது போட்டா அந்த இடத்துல வண்டி பின்னாலதான் வரும்."

அதோடு நிற்கவில்லை. அந்த வளைவு எப்படி இருக்கும் என்று சுவரில் விரலால் வரைந்து காட்டினார். எந்த இடத்தில் ரெண்டாவது போடவேண்டும், எந்த இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கவேண்டும், மழை பெய்திருந்தால் என்ன செய்யவேண்டும் என்று சொன்னார். அங்கேயிருந்து பேச்சு அஸ்ஸாமுக்குப் போயிற்று. மூங்கில் ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு சரிவு, பிரேக் பிடிக்காமல் போன ஒரு விடியற்காலை. இலைக் கட்டோடு வந்த முப்பிடாதி தம்பி பேசுவதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும் என்று பயந்தவரைப் போல இலைக் கட்டைக்கூட இறக்கி வைக்கவில்லை.

மறுநாள் தில்லைநாயகம் போனபோது ஜன்னல் திறந்திருந்தது.

அப்புறம் ஒரு சமயம் தில்லைநாயகத்துக்குக் காய்ச்சல் கண்டது. பல நாள் எழுந்திருக்கவில்லை. மாசானமுத்துவைப் பார்த்துக்கொள்ள மடத்திலிருந்து வேறொருவர் போய்வந்தார். கார்டு மட்டும் போகவில்லை.

காய்ச்சல் விட்டு அவர் மறுபடி போனபோது முப்பிடாதி அவரை வாசலில் நிறுத்திச் சொன்னார். தபால்காரர் தெருவில் வரும்போதெல்லாம் தம்பி கூப்பிட்டுக் கேட்கிறானாம். கார்டு வராத இரண்டாவது வாரம், எழுதுகிற ஆளுக்கு உடம்புக்கு என்னவோ என்று அவனுக்குக் கவலை வந்துவிட்டதாம். கோயிலுக்குப் போய் அந்த ஆள் பேரில் ஒரு விளக்குப் போடச் சொன்னானாம். பேர் தெரியாதே என்று கேட்டதற்கு, கார்டு போடுகிற ஆள் என்று சொல்லிப் போடு, சாமிக்குத் தெரியும் என்றானாம். போட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றார் முப்பிடாதி.

தில்லைநாயகம் உள்ளே போய்த் தைலப் புட்டியை எடுத்தார்.

அடுத்த கார்டு வந்து சேர்ந்த அன்று மாசானமுத்து எழுதாத கார்டு ஒன்று வேண்டும் என்று கேட்டார். தில்லைநாயகம் கொண்டுவந்து கொடுத்தார். மாசானமுத்து நெஞ்சின் மேல் பலகையை வைத்துக்கொண்டு, மல்லாந்து படுத்தபடி, தானே எழுதினார். பேனா அடிக்கடி நின்றது. உதறி உதறி எழுதினார். முடித்ததும் தில்லைநாயகத்திடம் நீட்டினார்.

'ஐயா, வணக்கம். ஆலமரத்து வளைவில் ரெண்டாவது கியர் போடவேண்டும். உங்கள் கார்டு எல்லாம் வந்தது. வாசிக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். மாசானமுத்து.'

முகவரிப் பக்கம் வெறுமையாக இருந்தது.

"யாருன்னு தெரியலை" என்றார் மாசானமுத்து. "ஒரு வார்த்தை சொல்லாம இருக்க முடியலை அண்ணாச்சி. நீங்க நாலு இடம் போறவரு. விசாரிச்சுக் கொண்டுபோய்ச் சேர்க்கணும்."

இது தில்லைநாயகம் சொன்ன வார்த்தை. அதே வார்த்தை இப்போது இன்னொருவர் வாயிலிருந்து வந்தது. கார்டை வாங்கிக்கொண்டு மடத்துக்கு நடந்தார்.

உலகம்மை புளி உடைத்துக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் கார்டைக் கொடுத்தார். உலகம்மை கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி வாசித்தார். கியர் வரியில் வாய்விட்டுச் சிரித்தார்.

"உங்களுக்கு வந்திருக்கு அண்ணாச்சி."

"இது என்னுது இல்லை அம்மா."

"எழுதினது நீங்கதானே?"

"எழுதினது நான். எழுதக் கத்துக்கொடுத்தது அவங்க. வாத்து வழுக்கினதை அவங்க எழுதலைன்னா எனக்கு எருமை கண்ணுல பட்டிருக்காது. இது அங்கே போகவேண்டியது."

உலகம்மை கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புளி உடைத்தார். தில்லைநாயகம் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் ஒரு கை எடுத்து உடைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "நான்தான்னு அவர்கிட்ட சொல்லிடவா?"

"சொல்லணும்னு இருக்கா?"

தில்லைநாயகம் யோசித்தார். "இல்லை. அவர் முழங்கையை ஊன்றி எழுந்திரிச்சாரே, அன்னிக்கே எனக்கு நிறைஞ்சுபோச்சு. அதுக்கு மேல அவர் எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

சொல்லிவிட்டு அவர் கையில் இருந்த புளியை உடைக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். உலகம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் மாசானமுத்து கேட்டபோது, விசாரித்துப் பார்த்தேன், ஆளைச் சொல்வார் இல்லை என்றார் தில்லைநாயகம். நீங்கள் வாசிக்கிறீர்கள் என்பதே அந்த ஆளுக்குப் போதும் என்று தனக்குத் தோன்றுவதாகவும் சொன்னார்.

மாசானமுத்து அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, சரி, தைலத்தை எடுங்கள் என்றார்.

தை பிறந்ததும் உலகம்மை தில்லைநாயகத்தை ஊருக்குப் போகச் சொன்னார். வீடு பூட்டிக் கிடக்க வேண்டாம், விளக்கேற்றி இருங்கள் என்றார். தில்லைநாயகம் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. தகரப் பெட்டி பரணிலேயே இருக்கட்டும், மடத்துக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். சங்கரவடிவின் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் வாய்க்கால் படித்துறையில் உட்கார்ந்து, வாசிக்காமல் வைத்திருந்த அந்தக் கார்டை வாசித்தார்.

என்ன எழுதியிருந்தது என்று உலகம்மை கேட்டார்.

"ஏரியில தண்ணி நல்லா இருக்காம். வாத்து குஞ்சு பொரிச்சிருக்காம். 'உங்களுக்கும் சொல்லவேண்டும் என்று தோன்றியது'ன்னு எழுதியிருக்காங்க. அவ்வளவுதான்."

மறுநாள் உலகம்மை பஸ் நிற்கும் இடம் வரை கூட வந்தார். தில்லைநாயகத்தின் சட்டைப்பையில் எழுதாத கார்டுகள் ஒரு கட்டு இருந்தது. பஸ் வர நேரமாயிற்று. அவர் சொல்லவந்ததைச் சொல்லத் தயங்கிக்கொண்டே நின்றார்.

"மாசானமுத்துவுக்குத் தூத்துக்குடியிலிருந்து போடுறேன் அம்மா. கப்பல், உப்பளம், எழுத நிறைய இருக்கு. அதுல கஷ்டம் ஒண்ணும் இல்லை." நிறுத்தினார். "இங்கே இருக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிச்சாரா, திட்டினாரா, தெரிஞ்சது. அங்கே உட்கார்ந்துகிட்டு எழுதினா, கார்டு போய்ச் சேர்ந்ததா, அவர் வாசிச்சாரா, இருக்காரா... ஒண்ணுமே தெரியாம எப்படி எழுதுறது?"

உலகம்மை அவரைப் பார்த்தார்.

"ஏரிக்கரையில இருந்தவங்க எப்படி எழுதினாங்க அண்ணாச்சி?"

பஸ் வந்து நின்றது. தில்லைநாயகம் ஏறவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார். அவருடைய இரண்டு கைகளும் கூப்பிக்கொண்டன. உலகம்மையைப் பார்த்து அல்ல, மலையைப் பார்த்தும் அல்ல. கண்டக்டர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு இறங்கிவந்து பெட்டியை எடுத்துக்கொண்டார்.